பாவை வீடு கட்டத் தொடங்குமுன்

விளையாட்டு வீடுதானே, அதற்கும் ஒரு பாடமோ என நகைக்கும் அன்பர் சிலர் இருத்தல் கூடும். யாமும் அங்ஙனம் நகைத்தவரே. எம் இளைய தங்கை ஈராண்டாக உண்டியலிற் சேர்த்த காசு முழுவதையும் ஈந்து, துண்டு துண்டாக வெட்டிப் பெட்டியில் அடைக்கப்பெற்ற மரத்தாலாய பாவை வீடொன்றை வாங்கி, எம் கையில் ஒப்புவித்த அன்றே அந்நகை ஒடுங்கிற்று. பலகை ஒன்று பழுதாயின் பழுதாவது அவளது ஈராண்டுப் பொறுமையன்றோ?

தமிழ் பயில்வார்க்குச் சிற்றில் புதியதன்று. சிறுமியர் மணலாற் கட்டிய வீட்டைச் சிதையாதிருக்கும்படி குழவியை வேண்டுவது ஆண்பாற் பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களுள் ஒன்று. மணல்வீடு அழிந்தால் மறுபடியுங் கட்டலாம், மரவீடு அத்தகையதன்று.

மேனாட்டில் இக்கலை எத்துணை உயர்ந்ததென்பதற்கு, வின்ட்சர் கோட்டையில் இன்றும் உள்ள மேரி அரசியாரின் பாவை வீடே சான்று. புதுதில்லியை வகுத்த சிற்பியருள் ஒருவராகிய எட்வின் லுட்யன்ஸ் அதனை வகுத்தார். 1921 முதல் 1924 வரை 1,500க்கு மேற்பட்ட கலைஞரும் கைவினைஞரும் அதிற் பணியாற்றினர். அதன் குழாய்களில் நீர் ஓடும். விளக்குகள் மின்சாரத்தால் எரியும். மெய்யான வீட்டின் ஓரடி ஆங்கே ஓரங்குலம். எம் கைக்கு வந்ததும் அவ்வளவினதே.

இவ்வளவை மனத்திற் கொள்ளுதல் வண்ணம் பூசுவார்க்கு இன்றியமையாதது. தச்சர் ஒரு நூல் என்னும் எட்டிலொரு பங்கு அங்குலத் தடிப்பில் வண்ணத்துளி ஒன்று சுவரில் உறைந்துவிடின், அவ்வீட்டிற் குடியிருக்கும் பாவைக்கு அஃது ஒன்றரை அங்குலக் கட்டியாம். ஆதலின் மெல்லிய பூச்சுக்கள் இரண்டு மூன்று இடுக. தடித்த பூச்சு ஒன்று ஆகாது.

நிற்க. பெட்டியைத் திறந்தவுடன் துண்டுகளையெல்லாம் பலகையினின்றும் பெயர்த்தெடுத்தல் பெரும்பிழை. எண்கள் பெரும்பாலும் துண்டின்மேலன்றி அதனைச் சூழ்ந்த பலகையிலேயே இருக்கும். வேண்டுங்கால் வேண்டியதை மட்டும் எடுத்து, மறையும் பக்கத்திற் பென்சிலால் எண்ணிடுக. பின்னர்ப் பசையின்றி, ஒட்டுநாடா கொண்டே வீட்டை ஒருமுறை நிறுத்திப் பார்த்தல் வேண்டும். எந்தப் பக்கம் கண்ணுக்குத் தெரியும், எந்த மூலையிற் பின்னர்த் தூரிகை நுழையாது என்பன அப்பொழுதே விளங்கும். நுழையாத இடங்களை இணைக்குமுன்னரே பூசிவிடுக. ஆனால் பொருத்துமுனைகளிலும் அவை புகும் துளைகளிலும் வண்ணம் படலாகாது. வெள்ளைப்பசை மரத்தினுள் ஊறியே பற்றுவது. வண்ணத்தின்மேல் நன்கு பற்றாது. அன்றியும், பூச்சினால் முனை தடித்தால் துளையினுட் புகாது. நாடாவால் மூடிக்கொள்ளுதல் எளிது.

லேசர் ஒளியால் வெட்டப்பட்ட விளிம்புகள் கரிந்திருக்கும். அக்கரியை நுண்ணிய உப்புத்தாளால் மர இழையின் வழியே தேய்த்து நீக்காவிடின், வெள்ளைச் சுவரிற் பழுப்புத் தோன்றும். முதற்பூச்சு உலர்ந்தபின் மரத்தின் நுண்ணிழைகள் எழுந்து சொரசொரப்பாகும். அது கண்டு அஞ்சற்க. மீண்டும் மெல்லத் தேய்த்து அடுத்த பூச்சிடுக.

இனி எம் பிழையைச் சொல்லுவாம். மாடித்தளத்தின் ஒரு பக்கத்தை மட்டும் ஓரிரவில் விரைந்து பூசி உறங்கச் சென்றோம். விடியலில் அத்தளம் பொரித்த அப்பளம்போல் வளைந்து கிடந்தது. மெல்லிய ஒட்டுப்பலகையின் ஒரு முகம் மட்டும் நீரை உண்டமையால் நேர்ந்த கேடு இது. தங்கை அழவில்லை, “அண்ணா, இதில் கட்டில் நிற்குமா?” என்று மட்டும் வினவினாள். அழுதிருந்தால் எமக்கு எளிதாயிருந்திருக்கும். மறுபக்கத்தைச் சிறிது நனைத்து, தளத்தைத் தாளிடை வைத்து, தந்தையாரின் தமிழ்ப் பேரகராதித் தொகுதிகளை அதன்மேல் அடுக்கினோம். இரண்டு நாளில் வளைவு பெரும்பாலும் நீங்கிற்று. அவ்வகராதி எமக்கு இத்துணை நேராகப் பயன்பட்டது அதற்குமுன் இல்லை என்பதை எம் ஆசிரியர் அறியாதிருப்பாராக! அன்றுமுதல் இரு பக்கமும் பூசியே பாரமேற்றுகிறோம்.

சுவர்களை ஒட்டுங்கால் மூலைமட்டம் வைத்துப் பார்த்து, நாடாவால் இறுக்கி, ஒருநாள் முழுதும் தொடாது விடுதல் நன்று. முதல் மூலை கோணினால் கூரை பொருந்தாது.

இஃது எழுதும் இந்நாளில் மூன்று சுவர்கள் நிற்கின்றன. கூரைத் துண்டுகள் இன்னும் பலகையினின்றும் எடுக்கப்படவில்லை. கதவிற்கு நீலம் வேண்டுமென்றாள் தங்கை; இரு பக்கமும் அவளே பூசியிருக்கிறாள்.