பின் அச்சுக்கு ஒரு பூட்டு

கேள்வி: என்னிடம் 2016-ஆம் வருஷத்து இசுஸு வி-கிராஸ் பிக்கப் இருக்கிறது. லேக் மார்க்கெட்டிலிருந்து ராஜர்ஹாட்டுக்கு அன்றாடம் அலுவலகம் போய்வருவது அதில்தான். லீவு நாட்களில் புருலியா, ஜார்கிராம், டுவார்ஸ், பக்காலி என்று குடும்பத்தோடு சுற்றுகிறோம். ஒரு பின்சக்கரம் பள்ளத்தில் இறங்கிவிட்டால் அது மட்டும் சும்மா சுற்றுகிறதே தவிர வண்டி நகருவதில்லை. டிஃப்ரன்ஷியல் லாக் போட்டால் தீரும் என்கிறார்கள். தானே பூட்டிக்கொள்ளும் வகைதான் உத்தமம் என்கிறார் ஒருவர். காற்றழுத்தத்தால் பூட்டும் வகை என்கிறார் இன்னொருவர். உள்ளே வெல்டு வைத்துவிட்டால் காசு மிச்சம் என்கிறார் பட்டறைக்காரர். இதற்கிடையே, மானேபஞ்சங்கிலிருந்து சந்தக்ஃபூவுக்கு வாடகை லேண்ட் ரோவரில் போனோம். அந்தக் கிழ வண்டியில் பூட்டே கிடையாதாம்! அப்படியானால் எனக்கு மட்டும் எதற்கு? மல்லிக் பஜாரில் பழையது அகப்பட்டால் வாங்கலாமா?
— ஒரு வாசகர், கொல்கத்தா-29

பதில்: லேண்ட் ரோவர் சங்கதியைத் தாங்கள் போகிற போக்கில் கேட்டிருக்கிறீர்கள், ஆனால் மற்றக் கேள்விகளுக்கெல்லாம் விடை அதற்குள்ளேதான் அடங்கியிருக்கிறது என்பதால், அதிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

வண்டி திரும்பும்போது வெளிப்புறச் சக்கரம் உட்புறச் சக்கரத்தைவிட அதிக தூரம் ஓடியாக வேண்டும். இரு சக்கரங்களுக்கும் நடுவே ஒன்றரை மீட்டருக்குச் சற்று மேற்பட்ட இடைவெளி உள்ள தங்கள் வண்டி ஒரு முழு யு-திருப்பம் திரும்பினால் அந்த வித்தியாசம் ஏறக்குறைய 5 மீட்டர். இதற்கு இடங்கொடுப்பதற்காகவே, சுமார் 200 ஆண்டுகளுக்கு முன் பிரான்ஸ் தேசத்துக் கடிகாரத் தொழிலாளி ஒனேசிஃபோர் பெக்கர் காப்புரிமை பெற்ற டிஃப்ரன்ஷியல் என்னும் பல்சக்கர யுக்தி, ஆதாரத்தில் மாறுதலின்றி இன்றும் நம் வண்டிகளின் பின் அச்சில் உட்கார்ந்திருக்கிறது. அதனிடம் உள்ள தோஷம் ஒன்றே: இரு சக்கரங்களுக்கும் முறுக்கு விசையைச் சமமாகவே பங்கிடும். பந்தியில் இருவரை உட்காரவைத்து, எவன் குறைவாக உண்கிறானோ அவனுடைய அளவே இருவருக்கும் என்று பிடிவாதம் பிடிக்கும் பரிசாரகனைப் போல, வழுக்கலில் நிற்கும் சக்கரம் 100 நியூட்டன் மீட்டர் முறுக்கு விசையைத்தான் தாங்குமென்றால், கெட்டித் தரையில் நிற்கும் சக்கரத்துக்கும் அந்த 100-ஐ மட்டுமே கொடுத்து நிறுத்திக்கொள்ளும். பூட்டு என்பது இடது, வலது அரை அச்சுகளை ஒன்றாகப் பிணைத்து, ஒவ்வொரு சக்கரமும் தன் காலடியிலுள்ள தரை இடங்கொடுக்கும் மட்டும் உந்தட்டும் என்று விட்டுவிடுவது.

ஆகவே, இடது வலது சக்கரங்களின் பிடிமானத்தில் வித்தியாசம் இருக்குமிடத்தில்தான் பூட்டினால் பிரயோஜனம் உண்டு. வித்தியாசமே இல்லாத இடத்தில் அதனால் ஆவது சொற்பம். பூட்டு வாங்குகிறவர்களில் பெரும்பாலோர் இந்த ஓர் அம்சத்தை விசாரிப்பதில்லை. 3,636 மீட்டர் உயரத்திலுள்ள சந்தக்ஃபூவுக்குப் போகும் பழைய கற்பாதை எவ்வளவு கரடுமுரடானாலும், கல் டயரைப் பற்றிக்கொள்ளும். 1950-களில் பிறந்த அந்தச் சின்ன வண்டிகள், இலேசான உடலும், முன் பின் சக்கரங்களுக்கு நடுவே குட்டையான நீளமும், தாழ்ந்த கியரும், எந்தக் கல்லின்மேல் எந்தச் சக்கரத்தை ஏற்றவேண்டும் என்பதை மனப்பாடமாக வைத்திருக்கும் ஓட்டுநரும் கூடியபோது, பூட்டின்றியே ஏறிவிட்டன. அங்கே பூட்டுக்கு வேலை குறைவு. இதற்கு நேர் விரோதம், பக்காலிக்குப் போகும் வழியில் பெருஞ்சாலையைவிட்டு இறங்கினால் வரும் கங்கைக் கழிமுகத்து வண்டல் களி. அங்கே நான்கு சக்கரங்களும் ஒரேமாதிரி வழுக்குவதால், பூட்டிய வண்டி ஒரு சக்கரத்துக்குப் பதில் இரண்டு சக்கரங்களால் குழி பறித்துக்கொண்டு இன்னும் ஆழமாக உட்காரும். அந்த இடத்தில் கைகொடுப்பது ஆழமான பட்டைகள் கொண்ட டயரும், காற்றைக் கணிசமாக இறக்கிவிடுவதும், ஒரு மண்வெட்டியும்தான். தாங்கள் போகும் இடங்களில் பூட்டு தன் மதிப்பைக் காட்டக்கூடியவை ஜார்கிராம், புருலியாப் பக்கத்துச் செம்பூரான் மண்ணில் மழைநீர் அறுத்த குறுக்கு ஓடைகளும், டுவார்ஸில் உருண்டைக் கற்கள் நிறைந்த ஆற்றுப் படுகைகளுமே. ஒரு சக்கரம் அந்தரத்தில் தொங்க, மற்றொன்று பாறைமேல் நிற்கும் நிலைமை அங்கேதான் நேரும்.

ஆகவே தங்களுக்குப் பூட்டு வேண்டுமா என்றால், டயர்களை முதலில் கவனித்துவிட்டு, அதன் பிறகும் ஆசை இருந்தால் வேண்டும் என்பேன். நல்ல பூட்டும் அதைப் பொருத்தும் கூலியும் சேர்ந்தால் நான்கு நல்ல டயர்களின் விலையைத் தாண்டிவிடும் என்பதை வீட்டில் முன்கூட்டியே சொல்லிவைப்பது நலம்.

இனி வகைகள். வெல்டு வைப்பதை உடனே மறந்துவிடுங்கள். நிரந்தரமாகப் பிணைக்கப்பட்ட அச்சு, ராஷ்பிஹாரி முனையில் ஒவ்வொரு முறை திரும்பும்போதும் ஒரு டயரை இழுத்துத் தேய்க்கும், ஆக்ஸில் ஷாஃப்டையும் ஒருநாள் முறிக்கும். தானே பூட்டிக்கொள்ளும் டெட்ராய்ட் போன்ற வகைகள் மகா உறுதியானவை, சந்தேகமில்லை. ஆனால் அவை நேராக ஓடும்போது பூட்டியே இருந்து, திரும்பும்போது மட்டும் ஒரு சக்கரத்தை விடுவிப்பவை. பின்தொட்டியில் சுமையில்லாத பிக்கப்பின் வால்புறம் எப்போதுமே இலேசு. ஆடி மாத மழையில், கரியாஹாட் பக்கத்து நனைந்த ட்ராம் தண்டவாளத்தின் மேல், திரும்புகிற சமயத்தில் ஆக்ஸிலேட்டரைச் சற்று மிதித்துவிட்டால், சாதாரண அச்சில் ஒரு சக்கரம் மட்டும் வழுக்க மற்றது வண்டியைப் பக்கவாட்டில் பிடித்துக்கொள்ளும். தானே பூட்டும் அச்சிலோ இரண்டும் சேர்ந்து வழுக்கி, வால் ஒரு பக்கமாக வீசிவிடும். பண்ணை வண்டிக்கு அது பொருந்தும், பள்ளிக்கூடத்துக்குக் குழந்தைகளை ஏற்றிச் செல்லும் வண்டிக்குப் பொருந்தாது.

மஹிந்திரா தாரில் வந்த ஈட்டன் நிறுவனத்து இயந்திரப் பூட்டு சற்று புத்திசாலி. இரு சக்கரங்களின் சுழற்சியில் நிமிஷத்துக்கு 100 சுற்று அளவுக்கு வித்தியாசம் வந்தால்தான் பூட்டும், மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தைச் சற்றே தாண்டினால் பூட்ட மறுத்துவிடும். ஆனால் பூட்டும் க்ஷணத்தைத் தீர்மானிப்பது அதுவே, தாங்கள் அல்ல. லிமிடெட் ஸ்லிப் என்னும் வகை ஊருக்குள் மிகவும் சாது. ஒரு சக்கரம் முழுக்க அந்தரத்தில் தொங்கும்போது மட்டும் அதுவும் பெரும்பாலும் கைவிரித்துவிடும்.

தங்களைப் போல வாரத்தில் ஆறு நாள் நகரத்தில் ஓட்டுகிறவருக்கு, வேண்டாதபோது இருக்கும் சுவடே தெரியாமல், வேண்டும்போது விசையைத் தட்டினால் முழுமையாகப் பூட்டும் வகை ஒன்றுதான் தகுதியானது என்பது என் அபிப்பிராயம். டொயோட்டா ஹைலக்ஸில் தொழிற்சாலையிலேயே மின்விசையால் இயங்கும் பின்பூட்டு வருகிறது; ஃபோர்ஸ் கூர்க்காவிலோ முன், பின் இரண்டு அச்சுகளுக்கும் பூட்டு உண்டு. தங்கள் வண்டியின் டி-மாக்ஸ் வர்க்கத்துக்கென்றே ஆஸ்திரேலியாவின் ஏ.ஆர்.பி. நிறுவனத்தார் காற்றழுத்தப் பூட்டு செய்கிறார்கள்; கம்ப்ரஸர் கூடவே வேண்டும், ஆனால் காற்று இறக்கிய டயர்களை மறுபடி நிரப்பவும் அதே கம்ப்ரஸர் உதவும் என்பதால் அது வீண் செலவன்று. பின் அச்சுக்கு மட்டும் போடுங்கள். முன்னச்சில் பூட்டினால் ஸ்டீயரிங் கல்லாகிவிடும், தனித்தனி சஸ்பென்ஷன் கொண்ட முன்புறத்து ஷாஃப்டுகளுக்கும் அது பெரும்பாரம்.

பொருத்துவதில்தான் பாதி வெற்றி. ஹவுசிங்கைத் திறந்தால், கிரவுன் வீலுக்கும் பினியனுக்கும் உள்ள ப்ளேயை டயல் கேஜ் வைத்து அளந்து, ஷிம்களைக் கூட்டிக் குறைத்துச் சரிசெய்த பின், பற்களில் வர்ணப் பசை தடவிச் சுற்றிப் பார்ப்பார்கள். பசை அழிந்த தடம் பல்லின் நடுவில் விழவேண்டும். நுனியிலோ அடியிலோ விழுந்தால் நெடுஞ்சாலையில் ஊளைச் சத்தம் நிச்சயம். அந்தத் தடத்தைக் கண்ணால் பார்க்காமல் மூடியை முடுக்க விடாதீர்கள். டயல் கேஜ் எதற்கு, கையாலேயே தெரியும் என்று சொல்கிற மிஸ்திரியிடம் ஒரு தேநீர் வாங்கிக் கொடுத்துவிட்டு வேறு பட்டறைக்குப் போய்விடலாம்.

அச்சு திறந்திருக்கும்போதே பிரீதர் என்னும் காற்றுத் துவாரக் குழாயை எஞ்சின் அறை உயரத்துக்கு நீட்டிக்கச் சொல்லுங்கள். சென்ட்ரல் அவென்யூவிலும் டண்டனியாவிலும் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கும் நாட்களில், ஓடிச் சூடேறிய ஹவுசிங் திடீரென்று குளிர்ந்து, உள்ளே சுருங்கும் காற்று அந்தத் துவாரத்தின் வழியே நீரை உறிஞ்சிவிடும். எண்ணெய் பால்போல் வெளுத்திருந்தால் அதுதான் காரணம். முதல் 800 கிலோமீட்டரில் ஒருமுறை எண்ணெயை மாற்றிவிடுங்கள். அதன் பிறகு மாதம் ஒருமுறையாவது மண்தரையில் பூட்டித் திறந்துவிடவேண்டும், இல்லையேல் அவசரத்துக்கு மக்கர் செய்யும்.

உபயோகத்தில் ஒரு விஷயம் மட்டும். வழுக்கியபின் சக்கரம் வெறியாகச் சுற்றிக்கொண்டிருக்கும்போது பூட்டக்கூடாது; இடைஞ்சலைக் கண்டவுடன் நிறுத்தி, பூட்டி, நடக்கிற வேகத்தில் கடந்து, உடனே திறந்துவிடவேண்டும். பூட்டிய நிலையில் 5,295 மில்லிமீட்டர் நீளமுள்ள தங்கள் வண்டி மலைப்பாதைக் கொண்டை ஊசி வளைவில் திரும்ப மறுத்து நேராகவே தள்ளும். வெளியிலிருந்து வந்த பூட்டு இருப்பது வண்டியின் ஏ.பி.எஸ். கணிப்பொறிக்குத் தெரியாது என்பதால், தார்ச்சாலையில் பூட்டோடு பிரேக் பிடிப்பதும் ஆபத்து. இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு ஒரு கடிதம் எழுதித் தெரிவித்துவிடுங்கள்; 1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, வண்டியில் செய்யும் மாறுதல்களைக் கண்டிப்போடு பார்ப்பது.

மல்லிக் பஜாரில் சாதாரண டிஃப்ரன்ஷியல் வாங்கினால் பற்களைப் பார்த்தாவது தரம் சொல்லலாம். பழைய பூட்டில் தேய்ந்த சீலும் மழுங்கிய பிணைப்புப் பற்களும் உள்ளே மறைந்திருக்கும். ஆக்ஸிலின் ஸ்ப்ளைன் எண்ணிக்கையும் கிரவுன் விகிதமும் தங்கள் வண்டியோடு ஒத்துப்போகும் என்ற நிச்சயமும் இல்லை. புதிதாகவே, சேஸிஸ் எண்ணைக் காட்டி வாங்குங்கள். கழற்றிய பழைய டிஃப்ரன்ஷியலைப் பட்டறையில் விட்டுவிட்டு வந்துவிடாமல், கிரீஸ் தடவிச் சாக்கில் சுற்றி வீட்டில் பத்திரப்படுத்துங்கள். வண்டியை விற்கும் நாளில் அதைத் திரும்ப மாட்டிவிட்டு, பூட்டைத் தனியாக நல்ல விலைக்குக் கொடுக்கலாம்.