இரண்டாவது பிரதி



புதுக்கவிதை படிக்கும்போது கவிஞர் பெயர், தொகுதியின் பெயர், வெளிவந்த ஆண்டு ஆகிய மூன்றையும் மனனம் செய்கிறோம். எழுதியவரின் கொப்பியிலிருந்து அது நம் கைக்கு எப்படி வந்தது என்று கேட்பதில்லை. பல கவிதைகள் தபால் உறையில்தான் வந்தன. உறையைப் பிரித்தவர் ஒரு சிற்றிதழ் ஆசிரியர்.

இலாபத்தை எதிர்பாராமல் ஓரிருவர் தம் கைக்காசைப் போட்டுக் குறைந்த பிரதிகள் அச்சிடும் சஞ்சிகையே சிற்றிதழ். சி. சு. செல்லப்பா 1959 ஜனவரியில் சென்னையில் ‘எழுத்து’ இதழைத் தொடங்கினார். அடுத்த ஆண்டிலேயே திருகோணமலையைச் சேர்ந்த தருமு சிவராமு என்ற இருபது வயது இளைஞரின் கவிதை அதில் வெளியானது. பின்னாளில் பிரமிள் என்று அறியப்பட்டவர் அவரே. ஊரில் யாரும் அறியாத ஓர் இளைஞரைக் கடலுக்கு அப்பால் ஓர் ஆசிரியர் வாசித்தார். 1962 இல் செல்லப்பா தொகுத்த ‘புதுக்குரல்கள்’ 24 கவிஞர்களின் 63 கவிதைகளோடு வந்தது.

நம் நாட்டிலும் இதுவே நடந்தது. கல்முனையில் ‘கவிஞன்’ இதழை நடத்திய எம். ஏ. நுஃமான் பின்னர் நமக்கு அருகிலுள்ள பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தவர். யாழ்ப்பாணத்தில் ‘அலை’யை நடத்தியவர் அ. யேசுராசா. இருவரும் சேர்ந்து 1984 இல் ‘பதினொரு ஈழத்துக் கவிஞர்கள்’ தொகுப்பைத் தந்தார்கள்.

யுத்தம் வந்தபோது கவிதை அனுப்புவதே ஆபத்தானது. படையினருக்கும் அஞ்ச வேண்டும், ஆயுதம் ஏந்திய இயக்கங்களுக்கும் அஞ்ச வேண்டும். பலர் புனைபெயரில் எழுதினார்கள். உண்மைப் பெயரை அறிந்த ஆசிரியர் அதை அமானிதமாகக் காக்க வேண்டியிருந்தது. 1986 இல் யாழ்ப்பாணத்தில் பெண்களின் கவிதைகள் மட்டும் அடங்கிய ‘சொல்லாத சேதிகள்’ வெளிவந்தது. அதில் எழுதியவர்களுள் ஒருவர் சிவரமணி. 1991 மே மாதம், 23 வயது நிறையுமுன், அவர் மறைந்தார். அதற்குமுன் தம்மிடமிருந்த கவிதைகளை எரித்துவிட்டார். ஏற்கெனவே அச்சில் வந்தவையும் பிறர் கையில் இருந்தவையுமே எஞ்சின. அவற்றைச் சித்திரலேகா மௌனகுரு தொகுத்ததால்தான் இன்று நாம் வாசிக்கிறோம்.

செல்வி கவிஞராகவும் ‘தோழி’ என்ற இதழின் ஆசிரியராகவும் இருந்தார். அதே 1991 இல் விடுதலைப் புலிகள் அவரைப் பிடித்துச் சென்றார்கள். அவர் திரும்பவில்லை. அச்சான பக்கங்கள் மிஞ்சின.

ரஷ்யாவில் அன்னா அக்மதோவாவின் கவிதைகளைத் தாளில் வைத்திருக்க அஞ்சிய காலத்தில், தோழியர் அவற்றை மனனம் செய்து காத்தார்கள். அங்கே நினைவு செய்த வேலையை இங்கே சிற்றிதழ்கள் செய்தன. இதில் நான் காணும் பாடம் ஒன்றே: எழுதியவரிடம் மட்டும் இருக்கும் கவிதைக்குப் பாதுகாப்பில்லை.

உங்களுள் சிலர் கணிதக் கொப்பியின் பின்பக்கத்தில் கவிதை எழுதுவதை நான் கண்டிருக்கிறேன். சோதனை நெருங்கியதும் அந்தப் பக்கம் கிழிபடுவதையும் கண்டிருக்கிறேன். கிழிக்குமுன் ஒரு பிரதி எடுங்கள். திகதி இடுங்கள். ஓர் ஆசிரியருக்கு அனுப்புங்கள். 1867 முதல் நம் கடுகண்ணாவை வழியே ரயில் ஓடுகிறது. தபால் பைகளும் அதில் போய் வந்தன. வைத்தியர் தி. ஞானசேகரன் 2000 ஜூனில் ‘ஞானம்’ சஞ்சிகையைத் தொடங்கியது கண்டியில்தான். ஆகவே இலக்கியம் தூரத்து ஊர்களுக்கு மட்டும் உரியதல்ல.

பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். மகளின் பெயருக்கு ஒரு சஞ்சிகையிலிருந்து கடிதம் வந்தால் அதை அவளிடமே கொடுங்கள். அவள் பிரித்து வாசித்துக் காட்டட்டும்; பக்கத்தில் இருந்து கேளுங்கள்.

பயிற்சி: உங்கள் கவிதை ஒன்றை இரண்டு பிரதிகளாக எழுதுக. இரண்டாவது பிரதியை யாரிடம் ஒப்படைப்பீர்கள், ஏன் என்பதை ஐந்து வரிகளில் விளக்குக.