முதல் நூறில் முந்தி, கடைசி நூறில் பிந்தி

கேள்வி: இரண்டாம் படிவத்தில் படிக்கும் என் மகள், 400 மீட்டர் ஃப்ரீஸ்டைலில் முதல் நூறு மீட்டரில் எல்லோரையும் முந்துகிறாள். கடைசியில் கைகள் துவண்டு பின்தங்குகிறாள். என்ன செய்வது?
– ஒரு வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: குறை பலத்தில் இல்லை அம்மா, அதைச் செலவிடும் விதத்தில்தான். டோக்கியோ ஒலிம்பிக்கில் இதே 400 மீட்டரில் பாதித் தூரம் வரை கேட்டி லெடெக்கிதான் முன்னால் இருந்தார். பதறாமல் பின்தொடர்ந்த ஆரியார்ன் டிட்மஸ், கடைசிச் சுற்றுகளில் முந்தி 3 நிமிடம் 56.69 விநாடியில் தங்கம் வென்றார்.

உங்கள் மகளின் இலக்கு 5 நிமிடம் 20 விநாடி என்று வைத்துக்கொள்வோம். 50 மீட்டருக்குச் சராசரி 40 விநாடி. குதித்துத் தொடங்கும் வேகத்தால் முதல் ஐம்பது 38 விநாடியில் தானாகவே முடியும். அங்கே கூடுதலாக உழைக்கவே கூடாது. அடுத்த ஆறும் தலா 40.5. கடைசி ஐம்பது 39. காலுதைப்பின் முழு பலத்தையும் கடைசி நூறுக்கு வைத்திருக்கட்டும்.

ஈப்போவில் 50 மீட்டர் குளம் கிடைக்கும் நாளில், 15 விநாடி ஓய்வுடன் எட்டு ஐம்பதுகளை இந்த வேகத்திலேயே நீந்தச் சொல்லுங்கள். கடிகாரத்தை நீங்கள் பிடியுங்கள். நேரத்தை முதலில் அவளே ஊகித்துச் சொல்லட்டும்.