நெல் மகசூல் கணக்கு: மாணவக் குழுக்கள் கவனிக்க வேண்டியவை

விவசாயக் கல்லூரி மாணவர்கள் இறுதி வருஷத்தில் குழுக்களாகக் கிராமங்களில் தங்கிப் பயின்று, தாம் திரட்டிய விவரங்களைச் சபையோர் முன்பு எடுத்துரைப்பது வழக்கம். படங்களும் அட்டவணைகளும் எவ்வளவு அழகாயிருப்பினும், வயல் வரப்பில் எழுதிய எண் பிழையாயின் அவற்றால் பயனில்லை. திருவள்ளூர் ஜில்லாவின் பிரதானப் பயிராகிய நெல்லை உதாரணமாகக் கொண்டு இதனை ஈண்டு விளக்குவோம்.

1. நிறுவை.— அறுவடைப் பரிசோதனைக்கு 5 மீட்டர் நீளமும் 5 மீட்டர் அகலமும் உள்ள பாத்தியை அளந்து அறுப்பார்கள். அதன் பரப்பு 25 சதுர மீட்டர். ஆதலால் அதில் கண்ட எடையை 400-ஆல் பெருக்கினால் ஹெக்டேர் மகசூல் கிடைக்கும். பிழையும் அவ்வாறே 400 மடங்காகும்.

2016-ம் வருஷத்தில் தொடங்கிய பிரதம மந்திரி பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில், மகசூல் இழப்பைக் கணக்கிட இத்தகைய பரிசோதனைகள் ஆதாரமாக உள்ளன. ஒரு கிராமத்திற்கு நிர்ணயித்த மகசூல் 4,000 கிலோ, மெய்யான மகசூல் 3,600 கிலோ என்று வைத்துக்கொள்வோம். குறைவு பத்தில் ஒரு பங்கு. காப்பீட்டுத் தொகையிலும் பத்தில் ஒரு பங்கு குடியானவருக்குச் சேரவேண்டும். 9 கிலோவைத் தராசு 10 கிலோ என்று காட்டிவிட்டால் அவருக்கு ஒரு காசும் கிடையாது.

பல பாத்திகளின் சராசரி எடுத்தால் பிழை நீங்கும் என்பர். தற்செயலான பிழையே அவ்வாறு குறையும். தராசு எப்பொழுதும் கூட்டிக் காட்டுமாயின், நூறு பாத்திகளை அறுத்தாலும் அப்பிழை நீங்காது. செழிப்பாகத் தோன்றும் மூலையைத் தேர்ந்தெடுப்பதும் இவ்வகைப் பிழையே. ஆகையால் பாத்தியின் இடத்தைச் சீட்டுக் குலுக்குவதுபோல் குறிக்கவேண்டும்.

2. ஈரம்.— 100-க்கு 22 பங்கு ஈரமுள்ள 10 கிலோ நெல், 14 பங்கு ஈரத்திற்கு உலர்ந்தபின் ஏறக்குறைய 9.07 கிலோவே நிற்கும். ஈரத்தைக் குறிக்காத எடை பாதிக் கணக்கே.

3. அளவை.— செங்கல்பட்டு வழக்கில் காணி 57,600 சதுர அடி. ஏக்கரோ 43,560 சதுர அடி. மூட்டையின் எடையும் இடத்துக்கு இடம் வேறுபடும். குடியானவர் “காணிக்கு இத்தனை மூட்டை” என்றால் அவர் சொன்னபடியே எழுதி, மாற்றிய கணக்கை வேறு பத்தியில் எழுதுக.

4. குறிப்பேடு.— எழுதியதை அழிக்கலாகாது. ஒரு கோடிட்டுத் திருத்தித் தேதியிடுக. அளக்காத இடத்தில் பூஜ்யம் இடுதல் பெரும் பிழை. கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையை அடுத்த ஊர்களில் கிணற்று நீரின் உப்பைச் சோதிக்கும் குழு, சோதிக்காத கிணற்றுக்குப் பூஜ்யம் இட்டால், சராசரி தாழ்ந்து கெட்ட நீரும் நல்ல நீராகத் தோன்றும். அவ்விடத்தில் “சோதிக்கவில்லை” என்றே எழுதவேண்டும். கணிப்பொறியில் ஏற்றியதை மற்றொருவர் மூலக் குறிப்புடன் ஒத்துப்பார்த்து, இரு பிரதிகளை வெவ்வேறிடங்களில் வைக்கவேண்டும்.

5. சபையில்.— சராசரியை மட்டும் கூறாமல், எத்தனை பாத்திகள், மிகக் குறைந்தது எவ்வளவு, மிக அதிகம் எவ்வளவு என்பவற்றையும் கூறுக. விட்டுப்போனவற்றை மறைக்காமல் சொல்லுக. எவருடைய வயலை அளந்தனரோ அக்குடியானவர்களை அழைத்து, அவர்கள் கேட்கும் கேள்விகளுக்கு விடையளித்தல் உத்தமம்.

இந்த ஜில்லாவிலேயே 1942-ம் வருஷத்தில் திரூர் நெல் ஆராய்ச்சி நிலையம் நிறுவப்பட்டது. அங்கு உருவான டி.கே.எம். 6 என்னும் நெல், ஜி.இ.பி. 24, கோ 18 ஆகிய இரண்டின் சேர்க்கை. பின்னர் பிலிப்பைன்ஸ் தேசத்தில் அந்நெல்லைப் பெற்றோருள் ஒன்றாகக் கொண்டு ஐ.ஆர். 20 உண்டாக்கப்பட்டது. இவ்வம்ச வரலாற்றை நாம் இன்று கூற முடிவது, அன்றன்று எழுதிவைத்தவர்களின் நேர்மையினாலேயாம். மாணவர்கள் வரப்பில் எழுதும் ஒவ்வோர் எண்ணும் அவ்வாறே பிறருக்குப் பயன்படத் தக்கதாக இருத்தல் வேண்டும்.