வந்த பிறகு விட்டு என்ன?

“வாறது வந்திட்டுது, இனி விட்டு என்ன செய்யிறது?” லிங்கநகரில் புற்றுநோய் வந்த வீட்டுக்குச் சுகம் விசாரிக்கப் போகிறவர்கள், பிஸ்கட் பெட்டியை மேசையில் வைத்துவிட்டுச் சொல்லும் ஆறுதல் இது. நோயாளியும் தலையாட்டிவிட்டு முற்றத்துக்குப் போய் ஒரு சிகரெட்டைப் பற்றவைப்பார். அன்போடு சொல்லும் பொய் என்பதால் யாருக்கும் மறுக்க மனம் வருவதில்லை.

நுரையீரல் புற்றுநோய் உடலெங்கும் பரவுமுன் கண்டறியப்பட்ட 517 புகைப்பவர்களை ரஷ்யாவில் பல ஆண்டுகள் கவனித்து, 2021இல் முடிவை வெளியிட்டார்கள். நோய் தெரிந்த பிறகு விட்டவர்கள், விடாதவர்களைவிட இடைநிலைக் கணக்கில் 21 மாதங்களுக்கு மேல் கூடுதலாக வாழ்ந்தார்கள். மகள் முழுகாமல் இருக்கிறாள் என்று கேட்டவர், அந்தப் பேரப்பிள்ளை தத்தி நடப்பதைப் பார்க்கப் போதுமான காலம்.

இலங்கை ஆண்களிடம் அதிகம் காணப்படுவது வாய்ப்புற்றுநோய். வாய், தொண்டைப் பகுதிப் புற்றுநோய்க்குக் கதிர்ச்சிகிச்சை பெற்றவர்களைப் பற்றிய கனடிய ஆய்வொன்று 1993இல் வந்தது. சிகிச்சையின்போதும் புகைத்தவர்களில் இரண்டு ஆண்டுகளின் பின் உயிரோடிருந்தோர் 39 வீதம். புகைக்காதவர்களில் 66 வீதம். கட்டியைக் கதிர் அழிப்பதற்கு அங்கே ஒட்சிசன் வேண்டும். புகையிலுள்ள காபனோரொட்சைட்டோ இரத்தத்தில் ஒட்சிசனின் ஆசனத்தில் ஏறி உட்கார்ந்துவிடும். வீட்டைவிட்டு மகரகம புற்றுநோய் வைத்தியசாலையில் கிழமைக்கணக்காகத் தங்கிக் கதிர் பிடிக்கிறவர் வாசலுக்கு வந்து புகைத்தால், அந்த அலைச்சலில் ஒரு பங்கு வீண்.

“சிகரெட்டை விட்டிட்டன், வெத்திலை மட்டுந்தான்” என்பார்கள் சிலர். புகையிலை சேர்க்காத வெற்றிலை பாக்கும் புற்றுநோய்க் காரணிதான் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2004இலேயே அறிவித்துவிட்டது.

“திடீரெண்டு விட்டா உடம்பு தாங்காது” என்பது சிகரெட்டைப் பொறுத்தவரை பொய். எரிச்சலும் நித்திரையின்மையும் சில கிழமைகளில் அடங்கும். உதவிக்கு 1948 என்ற இலக்கத்தை அழைக்கலாம். சாராயத்தில் மட்டும் அந்தப் பேச்சில் உண்மை இருக்கிறது. நாள்தோறும் நிறையக் குடித்தவர் சட்டென்று நிறுத்தினால் இரண்டு மூன்று நாளில் கை நடுங்கும், வலிப்பு வரலாம், புத்தி தடுமாறலாம். ஒப்பரேஷன் முடிந்த மூன்றாம் நாள் கட்டிலைவிட்டு எழுந்து ஓடப் பார்க்கிறவரை, மயக்கமருந்து தலைக்கேறிவிட்டது என்று உறவினர் நினைப்பார்கள். பல வேளைகளில் அது சாராயம் நின்ற கோளாறு. முன்கூட்டியே தெரிந்தால் அதற்கு மருந்து உண்டு. ஆனால் வைத்தியர் கேட்கும்போது மனைவி பக்கத்தில் நிற்கிறாள்; “இடைக்கிடை கொஞ்சம்” என்றுதான் பதில் வரும். காலா, அரையா, முழுப் போத்தலா என்பதை அவளை வெளியே அனுப்பியாவது சொல்லிவிடுங்கள்.

கடைசி நாட்களில் கிடப்பவர் ஒரு சிகரெட் கேட்டால்? நானாக இருந்தால் பிடுங்கமாட்டேன். ஒட்சிசன் சிலிண்டர் இருக்கும் அறையில் மட்டும் நெருப்புப்பெட்டி உரசக் கூடாது.