மனித டிஎன்ஏ பாலிமரேஸ்: எந்த ஆய்வுக்கு எது?

மறுசேர்க்கை முறையில் தயாரித்த மனித டிஎன்ஏ பாலிமரேஸ் வாங்க நினைப்பவர், விலைப்பட்டியலைப் பிரிக்கும் முன் ஒன்றை முடிவு செய்துகொள்ள வேண்டும்: மனித நொதிதான் வேண்டுமா? டிஎன்ஏ துண்டின் முனையை நிரப்பவோ, அதற்குக் குறியிடவோ மட்டும்தான் என்றால் ஈ.கோலை பாக்டீரியாவிலிருந்து வரும் கிளெனோ துண்டே போதும், செலவும் குறைவு. மனித செல்லுக்குள் என்ன நடக்கும் என்பதே கேள்வியாக இருந்தால்தான் மனித நொதிக்குப் போக வேண்டும். அங்கே பாலிமரேஸ்கள் பத்துக்கு மேல் இருக்கின்றன. ஒன்றின் வேலையை இன்னொன்று செய்யாது.

அவற்றில் கையாள எளிது பாலிமரேஸ் பீட்டா. 335 அமினோ அமிலங்கள் கொண்ட ஒற்றைச் சங்கிலி, ஈ.கோலையிலேயே நன்றாக விளையும். ஒரே ஒரு நியூக்ளியோடைடு விடுபட்ட இடைவெளியுள்ள டிஎன்ஏவைக் கொடுத்தால், ஜெல்லில் ப்ரைமரின் கோடு சரியாக ஒரு படி மேலே ஏறி நிற்கும். அந்தத் தெளிவு மாணவர்களுக்கு அருமையான பாடம். ஆனால் இது பழுது பார்க்கும் நொதி. செல் பிரியும்போது மரபணுத் தொகுதி முழுவதையும் நகலெடுப்பது இதன் வேலை அல்ல. எளிதாகக் கிடைக்கிறது என்பதற்காக இதை வாங்கி, வந்த முடிவை ‘டிஎன்ஏ நகலாக்கம்’ என்று எழுதுவது தவறு.

நகலாக்கம்தான் கேள்வி என்றால் ஆல்ஃபா, டெல்ட்டா, எப்சிலான் மூன்றையும் பார்க்க வேண்டும். மூன்றுமே நான்கு துணையலகுகள் சேர்ந்தவை. பெரும்பாலும் பூச்சி செல்களில் தயாரிக்கிறார்கள், விலையும் அதற்கேற்ப ஏறும். டெல்ட்டாவை வாங்கினால் கூடவே பிசிஎன்ஏ புரதத்தையும் வாங்க வேண்டும். அது இல்லாமல் டெல்ட்டா நீண்ட தூரம் ஓடாது. புற ஊதாக் கதிர் பட்டுச் சிதைந்த டிஎன்ஏவைத் தாண்டிச் செல்வதை ஆராய்பவருக்கு ஈட்டா. தோல் புற்றுநோய்க்கு ஆளாக்கும் ஜெரோடெர்மா பிக்மென்டோசம் நோயின் ஒரு வகையில் பழுதாகி இருப்பது இதுதான்.

மருந்து ஆராய்ச்சி செய்பவர்கள் தவிர்க்கவே கூடாதது காமா. மைட்டோகாண்ட்ரியாவின் டிஎன்ஏவை நகலெடுக்கும் நொதி இது. 1993இல் அமெரிக்காவில் ஹெபடைடிஸ் பி நோயாளிகள் 15 பேருக்கு ஃபியாலுரிடின் மருந்தைக் கொடுத்துச் சோதித்தார்கள். பல வாரங்கள் கழித்து அவர்களில் சிலருக்குக் கல்லீரல் செயலிழந்தது. 5 பேர் இறந்தார்கள். விலங்குச் சோதனைகள் இதை முன்கூட்டிக் காட்டவில்லை. அந்த மருந்தை காமா தைமிடின் என்று எண்ணி டிஎன்ஏவில் கோத்துவிடுகிறது. அதன் 3' முனையில் ஹைட்ராக்சில் இருப்பதால் இழை அங்கேயே முறிந்து நிற்காமல் நீளவும் செய்யும். ஆகவே ‘இழை நின்றதா’ என்று மட்டும் பார்க்கும் சோதனையில் இது தப்பிவிடலாம். மருந்து உள்ளே கோக்கப்பட்டதா என்று தனியாகப் பார்த்தாக வேண்டும். நியூக்ளியோசைடு வகை மருந்து எதைச் சோதித்தாலும் காமாவுக்குப் பணம் ஒதுக்கச் சொல்வேன்.

காமாவை வாங்கும்போது இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். வினையை நடத்தும் பெரிய துணையலகோடு பிஓஎல்ஜி2 என்ற துணையலகும் வருகிறதா? அது இல்லாவிட்டால் நொதி டிஎன்ஏவை விட்டுச் சீக்கிரம் நழுவும். அடுத்து, தவறாகச் சேர்த்ததை வெட்டியெடுக்கும் எக்ஸோநியூக்ளியேஸ் திறன் இருக்கிறதா, திரிபால் முடக்கப்பட்டதா? நியூக்ளியோடைடு சேரும் வேகத்தை அளக்க முடக்கிய வகை வசதி. மருந்தின் நச்சுத்தன்மையை எடைபோட இயல்பான வகையும் வேண்டும், ஏனென்றால் சேர்ந்த மருந்தைச் செல்லால் எவ்வளவு நீக்க முடியும் என்பதும் கணக்கில் வரும்.

எதை வாங்கினாலும் தரவுத்தாளில் ‘யூனிட்’ எந்த டிஎன்ஏவை வைத்து வரையறுக்கப்பட்டது என்று பாருங்கள். கன்றின் தைமஸிலிருந்து எடுத்த, வெட்டுகள் நிறைந்த டிஎன்ஏவில் அளந்த யூனிட், உங்கள் ப்ரைமரில் அதே வேலையைச் செய்யும் என்று சொல்ல முடியாது. நொதி வந்து இறங்கியதும் சிறு குழாய்களில் பிரித்து உறையவையுங்கள். திரும்பத் திரும்ப உருக்கி உறையவைத்தால் வீரியம் போய்விடும். ஈ.கோலையில் தயாரித்ததென்றால் அந்தப் பாக்டீரியாவின் சொந்தப் பாலிமரேஸ் கொஞ்சம் ஒட்டிவந்திருக்கலாம். வினை மையம் முடக்கப்பட்ட திரிபை அதே முறையில் சுத்திகரித்துத் தரச் சொல்லி, அதையும் பக்கத்து வரிசையில் ஓட்டிப் பாருங்கள். அந்த வரிசையில் ப்ரைமர் நீண்டிருந்தால் குழாயைத் திருப்பி அனுப்பிவிடலாம்.