டி.பி.எஃப். விளக்கு எரியுதா? அக்கா சொல்றதைக் கேளு

செகண்ட் ஹேண்ட்ல டீசல் வண்டி வாங்கிட்டேன்னு நீ சொன்னப்பவே, தினமும் எவ்வளவு தூரம் ஓடும்னுதான் முதல்ல கேட்டேன். மடிப்பாக்கத்துல இருந்து பிள்ளைங்க ஸ்கூல், அங்கிருந்து வேளச்சேரி ஆபீஸ், அவ்வளவுதான்னே. அப்போ டி.பி.எஃப். விளக்கு எரியறதுல ஆச்சரியமே இல்லை. அது மஞ்சளா நின்னு எரியற வரைக்கும் கோளாறுன்னு அர்த்தமில்லடி. என்னை ஒரு ஓட்டம் ஓட்டிட்டு வான்னு வண்டி கேக்குது.

2020 ஏப்ரல்ல பி.எஸ்.6 புகை விதி வந்ததுல இருந்து டீசல் கார்கள்ல புகை போற பாதையில டி.பி.எஃப்.னு ஒரு வடிகட்டி இருக்கு. தேன்கூடு மாதிரி கண்ணு கண்ணா இருக்கும். ஒவ்வொரு கண்ணும் ஒரு முனையில அடைச்சிருக்கிறதால, புகை சுவருக்குள்ள புகுந்துதான் அந்தப் பக்கம் போகணும். கரி இந்தப் பக்கமே தங்கிடும். ஹைவேயில நிக்காம ஓடினா அந்தச் சூட்டுலயே கரி கொஞ்சம் கொஞ்சமா எரிஞ்சிடும். ஊருக்குள்ள சிக்னலுக்குச் சிக்னல் நின்னா அந்தச் சூடு எங்க வரும்? அதனால வண்டியே கூடுதலா கொஞ்சம் டீசலைத் தெளிச்சு, வடிகட்டியைச் சுமார் 600 டிகிரி வரைக்கும் சூடேத்தி எரிக்கும். இதுதான் ரீஜென். 15, 20 நிமிஷ வேலை. நடுவுல ஸ்கூல் வாசல் வந்துடுச்சுன்னு வண்டியை ஆஃப் பண்ணா பாதியில நின்னுடும். மறுநாளும் அதே கதைன்னா கரி சேர்ந்துக்கிட்டேதான் இருக்கும்.

ரீஜென் ஓடுறப்ப பல வண்டிகள்ல விளக்கு வராது, ஆனா காட்டிக் கொடுத்துடும். சும்மா நிக்கிறப்ப 800-ல இருக்கிற ஆர்.பி.எம். முள் 1000 கிட்ட நிக்கும். மைலேஜ் திடீர்னு குறைச்சுக் காட்டும். சிக்னல்ல தானா அணையிற வண்டி அணையாது. தெரியாம ஆஃப் பண்ணிட்டீன்னா, இறங்கின பிறகும் ரேடியேட்டர் ஃபேன் இரைஞ்சுக்கிட்டே இருக்கும், சூடான இரும்பு வாசனை வரும். இதுல ஏதாவது ஒண்ணு தெரிஞ்சா வீட்டைத் தாண்டி இன்னொரு சுத்து சுத்திட்டு வா.

விளக்கு வந்துட்டா முதல்ல டீசல் முள்ளைப் பாரு. கால் டேங்குக்குக் கீழே போயிருந்தா பல வண்டிகள் ரீஜெனே ஆரம்பிக்காது. பங்க்ல நிரப்பிட்டு வெளிவட்டச் சாலையில ஏறு. என்ஜின் நல்லா சூடானதும் டாப் கியர்ல சோம்பேறித்தனமா உருட்டாம, ஒரு கியர் குறைச்சு, ஆர்.பி.எம். 2000-க்கு மேல நிக்கிற மாதிரி, 60, 70 வேகத்துல அரை மணி நேரம் ஓட்டு. வண்டியோட புத்தகத்துல வேற வேகம் போட்டிருந்தா அதுதான் கணக்கு. பொதுவா விளக்கு அணைஞ்சிடும்.

அணையலையா? இல்ல, விளக்கு மின்ன ஆரம்பிச்சு, செக் என்ஜின் விளக்கும் சேர்ந்து, பிக்கப்பும் போயிடுச்சா? இனிமே ஓட்டி எரிக்கலாம்னு நினைக்காதே, ஒர்க் ஷாப்புக்குப் போ. அங்கதான் நீ உஷாரா இருக்கணும். ஸ்கேனர் மாட்டி, கட்டாய ரீஜென் பண்ணி, பில் போட்டு அனுப்பிடுவாங்க. கொஞ்ச நாள்ல மறுபடியும் விளக்கு எரியும். கடைசியில வடிகட்டியையே மாத்தணும், லட்சக்கணக்குல ஆகும்னு நிப்பாங்க. அதனால எரிக்கிறதுக்கு முன்னாடியே, "வண்டி ஏன் தானா எரிக்கலை?"ன்னு கேளு. கரி எவ்வளவு காட்டுது, கடைசி ரீஜென் முடிஞ்சு எத்தனை கிலோமீட்டர் ஆச்சு, வேற என்ன கோட் இருக்குன்னு ஸ்கேனர் திரையைக் காட்டச் சொல்லு. வடிகட்டிக்கு முன்னாடியும் பின்னாடியும் அழுத்தத்தை அளக்கிற சென்சாருக்குச் சின்னதா ரெண்டு குழாய் போகும். அதுல ஒண்ணு வெடிச்சிருந்தாலோ கழண்டிருந்தாலோ கணக்கு தப்பாயிடும். தெர்மோஸ்டாட் திறந்தபடியே மாட்டிக்கிட்டா என்ஜின் சூடே ஏறாது, டெம்பரேச்சர் முள் வழக்கமான இடத்துக்கு வராததை நீயே பாக்கலாம். இ.ஜி.ஆர். வால்வு ஒட்டிக்கிட்டாலும் இன்ஜெக்டர் ஒழுகினாலும் கரி அளவுக்கு மேல வரும். இதெல்லாம் வடிகட்டி விலைக்கு முன்னாடி ஒண்ணுமே இல்லை.

ஆயில் விஷயத்துல நிறைய பேர் கவனிக்காத ஒண்ணு இருக்கு. டிப் ஸ்டிக்கை எடுத்துப் பாத்தா, ஆயில் குறையாம மேல் கோட்டையும் தாண்டி ஏறியிருக்கும். அது நல்ல சகுனம் இல்லடி. பாதியில நின்ன ரீஜென்ல எரியாத டீசல் வழிஞ்சு ஆயில்ல கலந்திருக்கு. டீசல் நாத்தம் அடிக்கும், விரல்ல தேய்ச்சா தண்ணியா இருக்கும். மேல் கோட்டைத் தாண்டினதும் ஓட்டாம மாத்திடு. மாத்துறப்ப விலை கம்மின்னு ஏதோ ஒரு ஆயிலை ஊத்த விடாதே. டி.பி.எஃப். வண்டிக்குச் சாம்பல் குறைவான ஆயில்தான். வண்டி புத்தகத்துல சி2, சி3-ன்னு எது போட்டிருக்கோ, அதே எழுத்து கேன்லயும் இருக்கணும். கரி எரிஞ்சிடும், ஆயில்ல இருந்து வர்ற சாம்பல் எரியவே எரியாது.

வடிகட்டியை அறுத்து எடுத்துட்டுச் சாஃப்ட்வேரை மாத்தித் தர்றேன்னு ஒருத்தர் நிச்சயம் வருவார். மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52 இந்த மாதிரி மாத்துறதைத் தடுக்குது, கரும்புகையும் உன் பிள்ளைங்க மூக்குக்குத்தான். நீல மூடி போட்ட டெஃப் திரவத் தொட்டி உன் வண்டியில இருந்தா அது வேற சமாச்சாரம், கரிக்கும் அதுக்கும் சம்பந்தமில்லை. அந்தத் திரவத்தை டீசல் டேங்குல மட்டும் ஊத்திடாதே.

பொங்கலுக்குத் தஞ்சாவூர்ப் பக்கம் போறப்ப ரோட்டுல வைக்கோல் பரப்பியிருப்பாங்க. ரீஜென் ஓடுற நேரத்துல அது மேல வண்டியை நிறுத்தவே கூடாது. அடியில சுத்திக்கிட்ட வைக்கோல் அந்தச் சூட்டுக்குப் பத்திக்கும். தாண்டினதும் வெறும் தரையில நிறுத்தி, குனிஞ்சு பாத்துட்டுப் போ.

மாப்பிள்ளை வாரா வாரம் செங்கல்பட்டு சைட்டுக்கு பைக்லதானே போறார்? இனிமே இந்த வண்டியை எடுத்துட்டுப் போகச் சொல்லு. முடியாதுன்னா வண்டியை வித்துட்டு ஒரு பெட்ரோல் வண்டி பாரு.